உவரி பக்கம் மழைத்தண்ணி பைப் போட்டுக் குடுத்த டீம், ஒரு மழக்காலம் முடிச்சுட்டு எழுதுதேன்

எங்க வீட்டுக்கும் கடலுக்கும் அஞ்சு நிமிச நட. போர்ல வாரது சோப்பு நுரைக்காத உப்புத்தண்ணி, தண்ணில எவ்வளவு உப்பு கரஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர்ல 2600 காட்டுச்சு, வேற வழியே இல்லாத எடத்துலயும் குடிதண்ணிக்கு 2000க்கு மேல போவக் கூடாது, அதனால குடிக்க சமைக்க எல்லாம் குடக்கணக்குல காசு குடுத்துத்தான் வாங்குனோம். போன ஆவணில திசையன்விளை பக்கத்துல இருந்து இந்த டீம வரச் சொன்னோம்.

2003ல வீட்டுக்கு வீடு மழைத்தண்ணி சேக்குறது கட்டாயம்னு சட்டம் வந்தப்போ அப்பா போட்ட குழி ஒண்ணு மூலைல கெடக்கு, ஜல்லி மேல மண்ணு மூடி தண்ணியே எறங்காது. டீம்ல வந்த அண்ணாச்சி அதப் பாத்துட்டு "கடக்கரைல எல்லாத்தையும் மண்ணுக்குள்ள விட்றாத தங்கச்சி, மொதல்ல தொட்டில புடி, வழியுறத கெணத்துக்கு விடு"ன்னாவ. நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மெதந்துக்கிட்டுதான் கெடக்காம், கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு உப்ப அமுக்கி வைக்கும், மோட்டார் போட்டு உறிஞ்சிக்கிட்டே இருந்தா உப்பு மேல ஏறிரும். இத்தன வருசமா இத யாரும் எங்களுக்குச் சொல்லல, எனக்கு அதுதான் ஆத்தாமையா இருக்கு.

மாடி 900 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழ பேஞ்சா 800 லிட்டருக்கு மேல விழும், சேதாரம் போவ 700 தேறும். எங்க 6000 லிட்டர் சம்ப் தொட்டி ஐப்பசி கார்த்தியல ரெண்டு தரம் நெறஞ்சு கெணத்துக்கு வழிஞ்சுது. அந்தத் தண்ணில மீட்டர் வச்சா 50 தான்! குடிக்க மட்டும் கொதிக்க வைக்கோம்.

பைப்புக்கு அடில ஒரு வால்வு வச்சிருக்காவ, மழ தொடங்குனதும் பத்து பதினஞ்சு நிமிசம் அதத் தெறந்து விடணும், கடக்காத்து மாடில படிய வச்ச உப்பு, காக்கா எச்சம் எல்லாம் கழுவிட்டுப் போயிரும், அப்புறம் மூடுனா தண்ணி டிரம்முக்குப் போவும், அதுல கூழாங்கல்லு, மணலு, கரி அடுக்கி வச்சிருக்கு. ராத்திரி மழன்னா எந்திரிச்சுப் போவணும், அது செரமம்தான்.

கொற ரெண்டு இருக்கு. இரும்பு கிளாம்ப் மாட்டிட்டாவ, உப்புக்காத்துல மூணு மாசத்துலயே துரு ஏறிட்டு. வழியுற பைப்பும் ரெண்டு இஞ்சுதான், பெருமழைக்குத் தாங்காம முத்தத்துல பொங்குச்சு. மூணு தரம் போன் போட்ட பொறவு வந்து எவர்சில்வர் கிளாம்ப்பும் நாலு இஞ்சு பைப்பும் மாத்துனாவ, காசு வாங்கல.

சம்ப் ஏற்கெனவே இருந்ததால மொத்தம் 22 ஆயிரம் ஆச்சு. கூப்பிடுறவுக பொரட்டாசிக்குள்ள சொல்லிருங்க, மழ எறங்கிட்டா ஆளு கெடைக்க மாட்டாவ.