நோட் மாட்யூல்ஸ் விழுங்கும் டிஸ்க்: என்பிஎம்மா, பிஎன்பிஎம்மா, யார்னா?

ஜாவாஸ்கிரிப்டில் வேலை செய்கிறவரின் லேப்டாப்பில் இடம் எங்கே போனது என்று தேடவே வேண்டாம். புராஜெக்டுக்குத் தேவையான பேக்கேஜ்கள், அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகள், போய்ச் சேரும் இடம் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர். பத்து புராஜெக்ட் என்றால் பத்து ஃபோல்டர். அதே ரியாக்ட், அதே டைப்ஸ்கிரிப்ட், பத்து பத்து நகல்.

இந்தப் பேக்கேஜ்களை நிறுவித் தரும் கருவிகள்தான் என்பிஎம், பிஎன்பிஎம், யார்ன். என்பிஎம்மிலும் காஷ் (ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைக்கும் இடம்) உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது மிச்சப்படுத்துவது டவுன்லோடை மட்டும்தான். சுருக்கிய பொட்டலத்தை ஒவ்வொரு புராஜெக்டிலும் மறுபடி பிரித்து, ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை மறுபடி எழுதும். இடமும் நேரமும் போவது அங்கேதான். விண்டோஸில் ஆன்ட்டிவைரஸும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

பிஎன்பிஎம் ஒவ்வொரு கோப்பையும் அதன் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) வைத்து ஒரு பொது ஸ்டோரில் ஒரே ஒருமுறை வைக்கிறது. புராஜெக்டுக்குள் போவது பெரும்பாலும் ஹார்ட் லிங்க்தான், அதாவது நகல் எடுக்காமல் அதே கோப்புக்கு இன்னொரு பெயர். ஒரு பேக்கேஜின் புதிய பதிப்பில் நூறு கோப்புகளில் ஒன்று மட்டும் மாறியிருந்தால், ஸ்டோரில் கூடுவது அந்த ஒன்றுதான். ஆனால் பிஎன்பிஎம்முக்கு மாறிவிட்டு ஒவ்வொரு ஃபோல்டரையும் தனித்தனியாக அளந்து பார்த்தால் ஒன்றுமே குறையாதது போலத் தெரியும். லிங்க்கையும் முழு அளவாகவே எண்ணிக் காட்டும். டிஸ்க்கில் மீதமிருக்கும் இடத்தைப் பாருங்கள்.

சிக்கலும் இல்லாமல் இல்லை. ஹார்ட் லிங்க் பார்ட்டிஷன் தாண்டாது. ஸ்டோர் ஒரு பக்கம், புராஜெக்ட் இன்னொரு பக்கம் என்றால் நகல்தான் எடுக்கும். இன்னொன்று, பிழை தேடும் அவசரத்தில் நோட் மாட்யூல்ஸுக்குள் நேரடியாகக் கைவைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஹார்ட் லிங்க் இருக்கும் இடத்தில் அப்படிச் செய்தால், அதே கோப்பைப் பயன்படுத்தும் மற்ற புராஜெக்டுகளும் சேர்ந்தே மாறும். மற்றவற்றைத் தொடாமல் திருத்தத்தான் பிஎன்பிஎம் பேட்ச் கட்டளை இருக்கிறது.

யார்ன் இன்னும் துணிச்சலான வழியில் போனது. 2020 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து, பிளக் அண்ட் பிளே முறையில் நோட் மாட்யூல்ஸே கிடையாது. பேக்கேஜ்கள் ஜிப்பாகவே இருக்கும், எது எங்கே என்று ஒரே கோப்பு சொல்லும். எழுத வேண்டியது குறைவு என்பதால் வேகம் அபாரம். ஆனால் எடிட்டருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ரியாக்ட் நேட்டிவ் ஒத்துவராது. டீம் முழுக்க ஒத்துக்கொண்டால் மட்டுமே இதில் இறங்கலாம்.

இதே வேலைக்கு வரும் இன்னொரு கருவியான பன் வேகமானது, சந்தேகமே இல்லை. ஆனால் பேக்கேஜ் நிறுவுவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. ரன்டைமையும் (நிரலை ஓட்டும் மென்பொருள்) சேர்த்து யோசிக்கிறவர்கள் பார்க்கலாம்.

வேகத்தை ஒப்பிடும்போது எந்த நிலையில் அளந்தார்கள் என்று பாருங்கள். காஷ் காலியாக இருந்தால் நெட் வேகம்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். ஒவ்வொரு முறையும் வெறும் டிஸ்க்கோடு தொடங்கும் சிஐ சர்வரில் (கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்டும் டெஸ்டும் ஓட்டும் சர்வர்), பகிர்ந்துகொள்ள வேறு புராஜெக்டே இல்லை. அங்கே பிஎன்பிஎம்மின் டிஸ்க் சிக்கனத்துக்கு அர்த்தம் இல்லை. என்பிஎம் சிஐ கட்டளையே போதும்.

ஒரே ஒரு புராஜெக்ட் வைத்திருப்பவர் எதையும் மாற்ற வேண்டாம். ஐந்தாறு இருந்தால் என் ஓட்டு பிஎன்பிஎம்முக்குத்தான். பிஎன்பிஎம் இம்போர்ட் கட்டளை பழைய லாக் கோப்பை (எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்ற பதிவு) படித்துக்கொள்ளும். அப்புறம் முதல் பில்டில் சில பேக்கேஜ்கள் காணோம் என்று பிழை வரலாம். அவை நீங்கள் பட்டியலில் எழுதாமலேயே, வேறு பேக்கேஜின் தயவில் இத்தனை நாள் கிடைத்துக்கொண்டிருந்தவை. ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.