அக்குளில் ஒட்டும் ப்ளூடூத் தெர்மாமீட்டர்: அலாரத்துக்காக வாங்காதீர்கள்

குழந்தையின் அக்குளில் ஒட்டிவிட்டால் ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டை அளந்து போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் சின்ன சென்சார் இது. நாம் குறித்துவைத்த அளவைத் தாண்டினால் அலாரம் அடிக்கும், அதனால் பெற்றோரும் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பிராண்ட் பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொது.

எதற்காக வாங்கினோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த விமர்சனமே புரியாது. மகனுக்கு நான்கு வயது. திடீரென்று 103, 104 என்று காய்ச்சல் ஏறும், நாலைந்து நாள் இருக்கும், போய்விடும். சளி கிடையாது, இருமல் கிடையாது, பக்கத்தில் படுத்திருக்கும் அக்காவுக்கு ஒட்டவும் ஒட்டாது. காய்ச்சல் விட்ட மறுநாள் பார்த்தால் இவனா அப்படிச் சுருண்டு கிடந்தான் என்று தோன்றும், அப்படி ஓடுவான். எடையும் வயதுக்கேற்றபடி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் சில வாரத்தில் மறுபடி ஆரம்பம். தொண்டை சிவந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் எழுதுவார்கள், காய்ச்சலோ அதைச் சட்டையே செய்யாமல் தன் கணக்கு முடிந்த பிறகுதான் இறங்கும். ரத்தத்தில் சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) ஏறியிருக்கும், தொண்டையில் எடுத்த கல்ச்சரில் கிருமி ஒன்றும் வளராது. என்ன நோய் என்றே தெரியாமல் நானும் என் வீட்டுக்காரரும் முறைபோட்டு விழித்திருந்து, தொட்டுத் தொட்டுப் பார்த்து அவனையும் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்த நாட்களில் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் யாராக இருந்தாலும் வாங்கத்தான் செய்வார்கள்.

அளப்பதில் பெரிய குறை இல்லை. ஒட்டியவுடன் வரும் எண்ணை நம்பக் கூடாது, சூடு சமநிலைக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். கை உடம்போடு ஒட்டியிருந்தால் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, கையைத் தூக்கிப் போட்டுத் தூங்கினால் காற்றுப் பட்டு எண் குறைந்துவிடும். அக்குளில் அளப்பது பொதுவாகவே உடம்பின் உள் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அலாரம்தான் தலைவலி. 102-ல் வைத்தால், ஏற்கெனவே 103-ல் இருக்கும் குழந்தைக்கு அது ஓயாமல் அடிக்கும். சரி என்று 104-க்கு ஏற்றினால் தொடர்பு அறுந்தது என்பதற்கு ஒரு தனி அலாரம் வைத்திருக்கிறார்கள். ப்ளூடூத் அலையை உடம்பில் இருக்கும் நீர் உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே அவன் சென்சார் இருக்கும் பக்கமாகப் புரண்டு படுத்தாலே போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தொடர்பு போய்விடுகிறது. பக்கத்து அறையில் போனை வைத்துவிட்டுத் தூங்கலாம் என்பதெல்லாம் படத்துக்கு மட்டும். காய்ச்சல் இறங்கும்போது வியர்த்துக் கொட்டுமே, அப்போது ஸ்டிக்கர் பிடி விட்டுவிடும். திரையில் சர்ரென்று கோடு இறங்குவதைப் பார்த்து, காய்ச்சல் விட்டதா ஸ்டிக்கர் விட்டதா என்று எழுந்து போய்த்தான் பார்க்க வேண்டும். மகன் வேறு பாதித் தூக்கத்தில் "அம்மா, கடிக்குது" என்று பிய்த்துப் போடுவான். இரண்டாவது ராத்திரிக்குள் தோல் சிவந்துவிடும், பக்கம் மாற்றி மாற்றித்தான் ஒட்டினோம்.

ஆனால் இதெல்லாம் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் அந்த அலாரத்தால் என்ன லாபம் என்பதுதான் என் கேள்வி. பாராசிட்டமால் கொடுப்பது குழந்தையின் அசௌகரியத்துக்கு, எண்ணைக் குறைப்பதற்கு இல்லை. நன்றாகத் தூங்கும் குழந்தையைக் காய்ச்சலுக்காக எழுப்பி சிரப் ஊற்றத் தேவையில்லை என்று எங்கள் டாக்டர் தெளிவாகச் சொன்னார். காய்ச்சலில் வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் விழித்திருக்கிறோம். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை சில குழந்தைகளுக்கு அது வருவது உண்மை, ஆனால் காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே கொடுத்து அதைத் தடுக்க முடியாது. அப்படியானால் நடுராத்திரியில் 103.1 என்று எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? மூச்சு வாங்குகிறதா, தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறானா, எழுப்பினால் முகம் பார்த்துப் பேசுகிறானா, கழுத்து விறைத்திருக்கிறதா, அழுத்தினால் மறையாத தடிப்பு ஏதும் இருக்கிறதா, டாக்டர் போனில் கேட்பதெல்லாம் இவைதான். இதில் ஒன்றுகூட அந்த சென்சாருக்குத் தெரியாது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் எண்ணே போதும், 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே தாமதிக்காமல் காட்ட வேண்டும். அதற்கு இரவெல்லாம் ஒட்டிவைக்கும் கருவி எதற்கு?

அப்படியும் இதைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன், காரணம் அந்த ஆப் சேர்த்துவைத்த வரைபடம். விளம்பரத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. புதிதாக ஒரு டாக்டரிடம் போனபோது ரிப்போர்ட் கட்டோடு இதையும் காட்டினோம். மாதக்கணக்கில் வரிசையாக நகர்த்திப் பார்த்துவிட்டு, "அடுத்தது எப்போ வரும்னு உங்களால சொல்ல முடியுமாம்மா?" என்று கேட்டார். சொல்ல முடிந்தது. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு மலை, நடுவில் சமதரை, திரையில் அப்படியே இருந்தது. வாய்க்குள் புண் வருமா, கழுத்தில் நெறி கட்டுமா என்று கேட்டார். வரும், கட்டும். சாப்பிடாமல் கிடப்பதால் வரும் புண் என்று நாங்கள் அதை யாரிடமும் சொன்னதே இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

பிஎஃப்ஏபிஏ (PFAPA) என்று பெயர், காய்ச்சலோடு வாய்ப்புண், தொண்டை அழற்சி, கழுத்தில் நெறி எல்லாம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் நோய். 1987-ல்தான் மருத்துவ இதழில் முதன்முதலாக இதை விவரித்தார்கள். பெரும்பாலும் 5 வயதுக்கு முன் தொடங்கி, வளர வளரத் தானாக விட்டுவிடும், குழந்தையின் வளர்ச்சி கெடாது. உறுதிப்படுத்தத் தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது, காய்ச்சல் வரும் ஒழுங்கைப் பார்த்து, மற்றவற்றை ஒதுக்கித்தான் முடிவுக்கு வர முடியும். 21 நாளுக்கு ஒருமுறை வெள்ளணுக்கள் குறையும் நோய் ஒன்று இருக்கிறது, அது இல்லை என்று உறுதிசெய்ய மறுபடி மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அடுத்த காய்ச்சலில் டாக்டர் சொன்னபடி ஸ்டீராய்டு ஒரே ஒரு வேளை கொடுத்தோம், சில மணி நேரத்தில் இறங்கிவிட்டது. (சில குழந்தைகளுக்கு அதனால் அடுத்த காய்ச்சல் சீக்கிரமே வந்துவிடுமாம். டாக்டர் சொல்லாமல் யாரும் இதைக் கையில் எடுக்க வேண்டாம்.)

ஆகவே, எப்போதாவது சளிக்காய்ச்சல் வரும் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருகிறது என்றால், அதுவும் குறித்துவைக்கத் தெம்பில்லாத அளவுக்குத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள் என்றால், வாங்கலாம். நோட்டில் தேதி, நேரம், அளவு, கூடவே வாய்ப்புண், வாந்தி, வயிற்றுவலி என்று எழுதிவைக்க முடிந்தவர்களுக்கு ஒரு சாதாரண தெர்மாமீட்டரே போதும். சொல்லப்போனால் அதுதான் மேல், ஆப்பில் குறிப்பு எழுத விட்டிருக்கும் இடத்தில் ஒரு வரிக்கு மேல் போகாது.

வாங்குவதாக இருந்தால் தகவலைக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். சில ஆப்களில் பழைய பதிவுகள் கொஞ்ச நாளில் அழிந்துவிடும், நான் தினமும் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இருக்கட்டும், அந்தப் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஸ்டிக்கர்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், தனியாகக் கிடைக்கிறதா என்றும் விசாரித்துவிட்டு வாங்குங்கள். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம், அந்த இரண்டரையும் வரைபடத்துக்கு.