கிட்டார் கேபினெட் ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பின்பலகையைத் திறந்து பார்க்காமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள்

சென்னையில் ஸ்பீக்கர் பெட்டி செய்து தரும் ஒரு பட்டறையில் கிட்டார் கேபினெட், அதாவது கிட்டார் ஆம்ப்போடு (ஒலிபெருக்கி) இணைக்கும் ஸ்பீக்கர் பெட்டி, சொல்லிச் செய்து மோசமாக ஏமாந்திருக்கிறேன். புகார் கொடுக்கப் போகிறேன், அதனால் கடை பெயர் இங்கே வேண்டாம். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

பேசியது இதுதான். 18 மி.மீ. பிர்ச் பிளைவுட், பின்பக்கம் மூடிய பெட்டி, செலெஷன் கம்பெனியின் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் 16 ஓம் (மின்தடை அளவு). இரண்டையும் பேரலலாக இணைத்தால் தடை பாதியாகி மொத்தம் 8 ஓம். எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தில் இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தேன்.

வெளியே பார்த்தால் குறையே சொல்ல முடியாது. சுருக்கமில்லாத கறுப்பு ரெக்ஸின், மூலைக்கு மூலை இரும்பு முனை, பின்னால் "8 ஓம்" என்று அழகான ஸ்டிக்கர். ஆனால் ஆம்ப்பை இணைத்து வாசித்தால் சத்தத்தில் கனமே இல்லை. தடித்த பேஸ் கம்பிகளை அடித்தால் அடி வயிற்றில் விழ வேண்டிய அதிர்வு வரவில்லை. கேட்டதற்கு, "புது ஸ்பீக்கர் சார், வாசிக்க வாசிக்க சரியாகிடும்" என்றார்கள். புது ஸ்பீக்கர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்பது உண்மைதான். அதற்காக பேஸ் காணாமலே போகாது.

அப்புறம் ஒரு ரிகர்சலில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே சத்தம் நின்றது. கருகிய வாசனை. என்னுடையது டியூப் ஆம்ப், டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வில் ஓடுவது. ஸ்பீக்கர் இணைப்பு அறுந்த நிலையில் அதை ஓட்டினால், அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி உள்ளே இன்சுலேஷன் போய்விடும். டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் பெரும்பாலும் இதைத் தாங்கியிருக்கும். டியூப் ஆம்ப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. டிரான்ஸ்பார்மர் போச்சு.

ஆம்ப் பழுது பார்க்கும் அண்ணன்தான் கேபினெட்டின் பின்பலகையைக் கழற்றினார். கேபிள் செருகும் ஜாக்கில் சால்டரிங்கே இல்லை. ஒயரின் இழைகளைத் துளையில் நுழைத்து, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். பெட்டியின் அதிர்வில் அது நழுவாமல் எப்படி இருக்கும்? ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தது. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். நான் முதல் நாளிலிருந்து சொன்ன குறை அதுதான்.

பலகைக்கு வருகிறேன். ஸ்பீக்கர் மாட்டும் முன்பலகை மட்டும் பிளைவுட். பக்கங்களும் அடியும் பார்ட்டிகிள் போர்டு. ஸ்க்ரூவைத் திருகினால் கூடவே மரத்தூள் கொட்டியது, விரலால் கிள்ளினாலே உதிர்கிறது. மழைக்காலத் தரை ஈரத்தில் அடிப்பலகை ஏற்கெனவே உப்பி, ரெக்ஸின் தையல் பிரிந்ததுபோல விலகியிருந்தது. ஸ்பீக்கரை டி-நட்டும் (பலகைக்குள் பதிக்கும் நட்டு) போல்ட்டும் வைத்து இறுக்கியிருக்க வேண்டும். இவர்கள் சாதாரண மர ஸ்க்ரூ போட்டிருந்தார்கள், பாதி லூஸ்.

கடைசியாக ஸ்பீக்கர். வின்டேஜ் 30 ஒன்றின் எடை 4.7 கிலோ என்று தயாரிப்பாளரே சொல்கிறார். இவற்றைத் தராசில் வைத்தால் மூன்று கிலோகூட வரவில்லை. காந்தத்தின் மேல் ஒட்டிய லேபிள் ஓரத்தை நகத்தால் உரித்தால் அடியில் வேறு கம்பெனி லேபிள். மல்டிமீட்டர் வைத்தால் மொத்தம் மூன்று ஓம் சொச்சம். மீட்டர் எப்போதும் எழுதியிருக்கும் ஓமைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். அதாவது 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாகப் போட்டு, 4 ஓம் பெட்டிக்கு 8 ஓம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

ஆர்டர் கொடுத்திருக்கிறவர்கள், பாக்கி கொடுக்கும் முன் அங்கேயே பின்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். நேர்மையாகச் செய்தவர் மறுக்க மாட்டார். ஜாக்கில் செருகிய கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள்: 8 ஓம் பெட்டி ஆறிலிருந்து ஏழு வரை காட்டும், 16 ஓம் பன்னிரண்டு, பதின்மூன்று காட்டும். அதே கேபிளில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் இரண்டு ஸ்பீக்கரின் கூம்பும் (கோன்) ஒரே பக்கம் நகர வேண்டும். ரெக்ஸின் ஒட்டும் முன் வெறும் பெட்டியின் போட்டோ கேட்டு வாங்குங்கள், பலகையின் வெட்டு முனையில் பிளை அடுக்குகள் தெரிய வேண்டும்.

நல்ல பெட்டியாகவே இருந்தாலும் ஸ்க்ரூக்களை அவ்வப்போது இறுக்குங்கள், ஈரத்தரையில் வைக்காதீர்கள். ஆம்ப்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிள் போடவே போடாதீர்கள், ஸ்பீக்கர் கேபிள்தான்.

பட்டறைக்காரர் இப்போது ஸ்பீக்கரை மட்டும் மாற்றித் தருகிறாராம். ஆம்ப் எரிந்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லையாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். "பெட்டியைக் கொடுங்க, பட்டறையில் வைத்துச் சரிசெய்து அனுப்புகிறோம்" என்று ஆள் அனுப்பினார்கள். கொடுக்கவில்லை. உங்களிடமும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், உள்ளே இருப்பதை எல்லாம் வீடியோ எடுத்து வைக்கும் வரை வீட்டை விட்டு நகர்த்தாதீர்கள்.