ஆஃப்செட்டா, ரிசோவா? ஒரு கலைநூல் அச்சுக்குப் போன கதை

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவின் பழைய கடைப்பலகைகளை ஒரு வருடமாகப் படமெடுத்து வந்தார், தங்கை போலப் பழகும் ஓவியர் ஒருவர். எழுத்து செதுக்கிய பலகை கிடைத்தால் அதன்மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்துப் படியெடுப்பார். அதை நூலாக வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தது. 96 பக்கம், 300 பிரதி, குறிப்புகள் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும். அவருக்கு ரிசோ ஆசை (நகலெடுக்கும் எந்திரம் போலிருக்கும் சிறு அச்சு எந்திரம்), எனக்கு உலோகத் தகட்டிலிருந்து அடிக்கும் ஆஃப்செட் பழக்கம்.

காசுக் கணக்கில் ஆஃப்செட் பிடிவாதக்காரன். 300 அடித்தாலும் 1000 அடித்தாலும் தகட்டுச் செலவு அதேதான். ரிசோ அப்படியில்லை. பக்கத்துக்கு, நிறத்துக்கு ஒரு மெல்லிய மாஸ்டர் தாளில் துளைபோட்டு உருளையில் சுற்றி ஓட்டிவிடும். சில நூறு பிரதிக்கு அதுதான் தோது. ஆனால் பெரும்பாலும் A3 தாளுக்கு மேல் போகாது. ஒவ்வொரு நிறமாக ஏற்றுவதால் கொஞ்சமாவது விலகும். அந்த விலகலை அழகு என்பார்கள். சில இடத்தில் அழகுதான்.

இரண்டிலும் மாதிரி அடித்துப் பார்த்தோம். கரித்தேய்ப்பு, பூச்சுள்ள வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட்டாக வந்தபோது வழவழவென்று செத்துக் கிடந்தது. பூச்சில்லாத தாளில் ரிசோ கறுப்பாக வந்ததோ, தொட்டால் விரலில் கரி ஒட்டும் போலிருந்தது. ஒட்டவும் செய்தது! ரிசோ மை சூட்டில் காய்வதில்லை, தாளுக்குள் ஊறித்தான் நிற்கும். பினாங்கு ஈரக்காற்றில் அடர்கறுப்புப் பக்கம் வாரக்கணக்கில் கட்டைவிரலைக் காட்டிக்கொடுக்கும்.

புகைப்படத்தில் நிலைமை தலைகீழ். வெயிலில் வெளுத்த சிவப்புப் பலகை ரிசோவில் வெறும் சிவப்பாகிவிட்டது. அந்த வெளுப்புக்குத்தானே ஒரு வருடம் அலைந்தார்?

ஆனால் என்னை உண்மையில் திகைக்க வைத்தது மெய்யெழுத்தின் புள்ளி. 7 பாயிண்ட் அளவில் தமிழ்க் குறிப்பைக் கறுப்புப் பட்டைக்குள் வெள்ளையாக விட்டிருந்தேன். ரிசோ மை பரவி மேலேயிருந்த புள்ளியை விழுங்கிவிட்டது. “என்னாண்ணே, தையல் கடை தையல கடையாயிருச்சு” என்றார் தங்கை. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆஃப்செட்டில் புள்ளி பிழைக்கும், ஆனால் எழுத்தைத் தனிக்கறுப்பில் மட்டும் வைக்கவேண்டும். நான்கு நிறம் கலந்த கறுப்பென்றால் அங்கேயும் விளிம்பு மங்கும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைப் போட மறந்தால் கொம்பு வேறு இடம்மாறி நிற்கும். அது அச்சகத்தின் குற்றமல்ல.

புத்தகக் கட்டில் அதிகம் யோசிக்கவில்லை. பசைக்கட்டு மலிவு, ஆனால் விரித்துவைத்தால் நடுவில் படம் புதைந்துபோகும். முன்பு ஓர் அச்சகத்தில் செய்த பசைக்கட்டு நூலில் பக்கங்கள் கையோடு வந்த அனுபவமும் இருக்கிறது. நூல்தையல்தான். தாளின் நார் ஓடும் திசை புத்தக முதுகுக்கு இணையாக இருக்கவேண்டும் என்று மட்டும் அடித்துச் சொன்னேன். இல்லாவிட்டால் இந்த ஈரத்தில் ஏடு அலையலையாக நெளியும்.

கடைசியில் புகைப்படமும் குறிப்பும் 80 பக்கம் ஆஃப்செட்டில், பளபளப்பில்லாத பூச்சுத்தாளில். கரித்தேய்ப்பு 16 பக்கம் ரிசோவில், தமிழ் எழுத்து 10 பாயிண்டுக்குக் குறையாமல். நடுவில் ஒரு மடிப்பாக வைத்துத் தைக்கிறோம். ரிசோ பக்கங்களுக்கிடையே மெல்லிய வெள்ளைத்தாள் செருகச் சொன்னேன். தங்கை வேண்டாம் என்கிறார், எதிர்ப்பக்கத்தில் படியும் கரிநிழலும் அவருக்கு வேண்டுமாம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.