அறக்கட்டளையா, சங்கமா?

தமிழ்நாட்டில் சேவை அமைப்பு தொடங்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. அறக்கட்டளைக்கு இரண்டு அறங்காவலர்கள் போதும். அதன் நோக்கமும் விதிகளும் எழுதிய பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதிந்தால் தொடங்கும் வேலை முடிந்தது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் பதிய 7 உறுப்பினர் வேண்டும். பொதுக்குழு, நிர்வாகக்குழுத் தேர்தல், மாவட்டப் பதிவாளருக்கு ஆண்டுக் கணக்கு என வேலை தொடரும். கணக்கு அனுப்பத் தவறுவதுதான் பல சங்கங்களை முடக்குகிறது.

அறக்கட்டளையின் சிக்கல் பத்திரத்திலேயே இருக்கிறது. பின்னர் திருத்த வழிசெய்யும் பிரிவை எழுதாமல் விட்டால், நோக்கத்தை மாற்ற நீதிமன்றப் படியேற நேரும். அறங்காவலர் இறந்தால் அடுத்தவர் யார், கலைத்தால் சொத்து எந்த ஒத்த அமைப்புக்குப் போகும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். வருமானவரி விலக்கு கேட்கும்போது கலைப்புப் பிரிவைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

குடும்பமோ சிறு குழுவோ பள்ளி நடத்த அறக்கட்டளை பொருந்தும். ஊரே சேர்ந்து ஏரியைக் காக்க, சங்கமே சரி.