பழைய ரேசருக்குப் புது முலாம் தேவையா? ஒன்பது ஆண்டு அனுபவம்

ஒன்பது ஆண்டுகளாக நான் இரண்டு பழைய ஜில்லெட் ரேசர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று, தாத்தா விட்டுச்சென்ற டெக். 1938இல் அறிமுகமான மூன்று துண்டு மாடல். மற்றொன்று, கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால் மேலிருக்கும் இரண்டு கதவுகளும் திறந்துகொள்ளும் சூப்பர் ஸ்பீடு. நான் வாங்கிய நாளில் அதன் தலையின் அடிப்பக்கத்தில் சி என்ற ஆங்கில எழுத்தும் 2 என்ற எண்ணும் இருந்தன. 1957ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் தயாரானது என்பது அதன் பொருள். இன்று அந்தக் குறியீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

காரணம் என் ஆசைதான். கதவுகளின் விளிம்பில் நிக்கல் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது உறுத்தியதால், முலாம் பூசும் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடிபோல் மின்னியது. புது முலாம் ஒட்ட வேண்டுமானால் பழைய நிக்கலை நீக்கி, கீறல்கள் மறையும்வரை பஃபிங் சக்கரத்தில் பித்தளையைத் தேய்க்க வேண்டும் என்பதும், சேதமெல்லாம் முலாமில் அல்ல, அந்தத் தேய்ப்பில்தான் நேர்கிறது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கைப்பிடியின் சொரசொரப்பு மழுங்கி, ஈரக்கையில் வழுக்கத் தொடங்கியது. கதவுகளில் ஒன்று முழுமையாகப் படியாமல், மயிரிழை அளவு இடைவெளி விட்டே மூடியது. அந்தப் பக்கத்தில் பிளேடு சற்று அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், தாடைக்குக் கீழே வாரம் ஒரு முறையாவது வெட்டுப்பட்டது. இப்போது அதில் ஒரு பக்கத்தை மட்டுமே கழுத்துக்குப் பயன்படுத்துகிறேன். இரட்டை முனை பிளேடுக்கு இதைவிட அவமானம் வேறில்லை.

டெக்கை நான் தொடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரின் உப்பு அதன் தலையில் வெள்ளையாகப் படிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே அது போய்விடுகிறது. பித்தளை என்றதும் புளியைத் தேடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. குத்துவிளக்குக்கு அது சரி. ஆனால் முலாம் தேய்ந்த ஓரங்களில் அந்தப் புளிப்பு, மிச்சமிருக்கும் நிக்கலின் அடியில் இறங்கி அதையும் உரிக்கும் என்பதால் ரேசருக்கு ஆகாது. தங்க முலாம் பூசியவற்றுக்கு மெட்டல் பாலிஷும் கூடாது. அந்தத் தங்கம் மிக மெல்லியது. நாலு தேய்ப்பில் துணியோடு வந்துவிடும்.

திருகும் குமிழ் இறுகிப்போன ரேசர்களை ஊறவைத்து, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் இளகிவிடுகின்றன. குறடு போட்டுத் திருகுவோர் கைப்பிடியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிறர் பயன்படுத்தியதாயிற்றே என்ற தயக்கம் இருந்தால், சோப்பால் கழுவிய பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளலாம். இதற்குமேல் நான் எதையும் செய்வதில்லை.

பாகத்தை மாற்றியே தீர வேண்டிய இடமும் உண்டு. பழைய சவரக்கத்திகளில் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன கைப்பிடி சிதையத் தொடங்கினால், அதிலிருந்து வெளியேறும் அமில ஆவி அலகைத் துருப்பிடிக்க வைக்கும். பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் விடாது. அங்கே அசல் கைப்பிடிதான் என்று பிடிவாதம் பிடிப்பது அலகைப் பலிகொடுப்பதாகும். அதேபோல், சருமத்தில் படும் இடத்தில் நிக்கல் செதில் செதிலாக எழும்பி நிற்கும் ரேசருக்கு, தேய்ப்பைக் குறைத்து அளவு மாறாமல் செய்துதரும் ஆள் கிடைத்தால், புது முலாம் பூசுவதை நான் எதிர்க்க மாட்டேன்.

தாத்தாவின் டெக்கில் கட்டைவிரல் படியும் இடத்தில் மட்டும் நிக்கல் போய், பித்தளை நீள்வட்டமாகத் தெரிகிறது. என் விரலும் அங்கேதான் போய் நிற்கிறது. இன்று காலையும் அதில்தான் சவரம் செய்தேன். ஒரு கீறல்கூட இல்லை.