ஈஆர்பி-யுடன் ஒன்பது வருடம்: ஒரு கீ யூசரின் அனுபவம்

எங்கள் ஆலையில் ஈஆர்பி (கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) ஓடத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. நான் ஐடி ஆள் இல்லை. கொள்முதலும் ஸ்டோர்ஸும் பார்த்துக்கொண்டிருந்தவனை, "ஆறு மாசம் மட்டும்" என்று சொல்லி கீ யூசராக, அதாவது பயனர்கள் பக்கத்திலிருந்து சிஸ்டத்துக்குப் பொறுப்பாளராக, உட்கார வைத்தார்கள். அந்த ஆறு மாசம் இன்னும் முடிந்தபாடில்லை. எந்த மென்பொருள், யார் நிறுவிக் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வேறு ஆலைகளில் வேறு மென்பொருளோடு மல்லுக்கட்டும் நண்பர்களிடம் பேசினால், பெயரை மாற்றிவிட்டு என் கதையையே சொல்கிறார்கள்.

முதல் இரண்டு மாதம் கூட்டம், கூட்டம், கூட்டம். கன்சல்டன்ட்கள் ஒவ்வொரு பிரிவையும் கூப்பிட்டு "உங்கள் நடைமுறை என்ன?" என்று கேட்டார்கள். நாங்களும் நடைமுறைக் கையேட்டில் இருப்பதை அப்படியே ஒப்பித்தோம். இஷ்யூ சீட்டு இல்லாமல் ஸ்டோர்ஸிலிருந்து ஒரு திருகாணிகூட வெளியே போகாது என்று சொன்னது நானேதான். உண்மையில் இரவு ஷிஃப்டில் சூப்பர்வைசர் பூட்டைத் திறந்து எடுத்துக்கொள்வார், சீட்டு மறுநாள் காலையில் எழுதப்படும். அது எனக்கும் தெரியும், அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதை யார் வாய்விட்டுச் சொல்வது? கையேட்டில் இருந்தது திரையில் ஏறியது. கோ-லைவ் ஆன, அதாவது சிஸ்டம் நிஜ வேலைக்கு வந்த, முதல் இரவே உற்பத்திக் கணக்கு எழுத முடியாமல் நின்றது. சிஸ்டத்தைப் பொறுத்தவரை சரக்கு இன்னும் ஸ்டோர்ஸைவிட்டு வெளியே வரவே இல்லையே.

அதையாவது ஒரு வாரத்தில் சமாளித்தோம். தகடு விவகாரம் அப்படி இல்லை.

ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை நாங்கள் கிலோவில் வாங்குவோம், எண்ணிக்கையில் ஸ்டாக் வைப்போம், எண்ணிக்கையில் இஷ்யூ செய்வோம். எட்டடிக்கு நாலடி தகடு ஒன்று ஏறக்குறைய 23.4 கிலோ. மெட்டீரியல் மாஸ்டரில் (ஒவ்வொரு பொருளின் அடிப்படை விவரங்களும் இருக்கும் பட்டியல்) இந்த விகிதத்தை ஏற்றியவர் தலைகீழாக ஏற்றிவிட்டார்: ஒரு கிலோ என்றால் 23.4 தகடு. முதல் லோடு 2,340 கிலோ வந்தது. 100 தகடு என்று காட்ட வேண்டிய ஜிஆர்என் (சரக்கு வரவுப் பதிவு) 54,756 என்று காட்டியது.

ஸ்டோர்கீப்பர் மூன்றாம் நாளே என்னிடம் வந்தார். "சார், ஸ்கிரீன்ல அம்பத்தி நாலாயிரம் தகடு இருக்கு. அத்தனையையும் வைக்க இந்த கேம்பஸே பத்தாது." நான் சப்போர்ட் குழுவுக்கு டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டேன். வேலை எதுவும் நிற்கவில்லை, சிஸ்டம் ஓடுகிறது, எனவே குறைந்த முன்னுரிமை என்று பதில் வந்தது. பழைய டேட்டா சரிபார்ப்பில் பார்த்துக்கொள்ளலாமாம்.

கணக்குப் பிரிவுக்கு இது கண்ணில் படவே இல்லை. படவும் வாய்ப்பில்லை. பில் கிலோவில் வந்தது, தொகை சரி, ஸ்டாக் மதிப்பின் மொத்தமும் சரி. ஒரு தகட்டின் விலை மட்டும் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. ஜாப் காஸ்ட் (ஒவ்வொரு வேலைக்கும் ஆன செலவு) அறிக்கையில் தகடு கிட்டத்தட்ட இலவசம். அந்த வாரம் எங்கள் லாப சதவீதத்தைப் பார்த்து உற்பத்தி மேலாளருக்குப் பாராட்டு வேறு கிடைத்தது.

எம்ஆர்பி (எதை எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்குப் போடும் பகுதி) ஒன்றும் மந்திரம் இல்லை. 1960-களில் ஜோசப் ஓர்லிக்கி முறைப்படுத்திய நாளிலிருந்து அடிப்படை அதே கழித்தல்தான்: தேவையிலிருந்து கையிருப்பையும் வரவேண்டிய ஆர்டரையும் கழித்து, மிச்சத்தை வாங்கச் சொல்லும். கையிருப்பு ஐம்பத்து நாலாயிரம் என்றால் அது எதற்கு வாங்கச் சொல்லப் போகிறது? பதினோராம் நாள் கடைசித் தகடும் வெட்டப்பட்டு லைன் நின்றது. அன்றைக்குத்தான் என் டிக்கெட் முதல் முன்னுரிமைக்கு ஏறியது.

சரிசெய்ததும் லேசுப்பட்ட வேலை இல்லை. நடந்த வரிசைக்குத் தலைகீழாகப் போக வேண்டும். இஷ்யூ செய்த ஒவ்வொன்றையும் ரிவர்ஸ் செய்து, பிறகு பில்லை ரத்து செய்து, பிறகு ஜிஆர்என்-ஐ ரத்து செய்து, விகிதத்தைத் திருத்தி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். ராத்திரி இரண்டு மணி வரை நானும் அந்த ஸ்டோர்கீப்பரும் உட்கார்ந்து போட்டோம். யூஏடி-யில் (கோ-லைவுக்கு முன் பயனர்களே செய்து பார்க்கும் சோதனை) இது ஏன் சிக்கவில்லை என்று பின்னால் தோண்டியபோது தெரிந்தது, நாங்கள் சோதித்துக் கையெழுத்துப் போட்டது ஒரு போல்ட்டை வைத்து. எண்ணிக்கையில் வாங்கி எண்ணிக்கையில் கொடுக்கும் பொருள்.

இரண்டாம் வருடத்திலிருந்து சப்போர்ட் வாழ்க்கை. டெமோவில் யாரும் காட்டாத பகுதி இது. எஸ்எல்ஏ (இத்தனை நேரத்தில் தீர்ப்போம் என்ற ஒப்பந்தக் கெடு) கடிகாரத்துக்கு ஒரு நிறுத்தப் பொத்தான் உண்டு, அதன் பெயர் "பயனர் பதிலுக்குக் காத்திருப்பு". நாலு மணி நேரத்தில் தீர்க்க வேண்டிய டிக்கெட்டில் மூன்றே முக்கால் மணிக்கு ஒரு கேள்வி வரும்: "ஸ்கிரீன்ஷாட் அனுப்ப முடியுமா?" ஸ்கிரீன்ஷாட் டிக்கெட்டிலேயே இணைக்கப்பட்டிருக்கும். நான் அதைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதும் வரை கடிகாரம் ஓடாது. மாத அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருக்கும். அந்த அறிக்கையைப் பார்ப்பவர் டிக்கெட் போடுபவர் அல்ல என்பதுதான் இதன் சூட்சுமம்.

அடுத்த சண்டை, இது பிழையா, மாற்றக் கோரிக்கையா என்பது. பிழை என்றால் அவர்கள் செலவு, மாற்றம் என்றால் எங்கள் செலவு. ப்ளூபிரிண்ட் (சிஸ்டம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று தொடக்கத்தில் எழுதி ஒப்புக்கொண்டது) ஆவணத்தில் ஒரு வரியைக் காட்ட முடிந்தால் நாம் ஜெயித்தோம். அந்த ஆவணத்தை நான் இன்றுவரை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். காகிதத்தில்தான்.

நாலாம் வருடம் சப்போர்ட் நிறுவனம் மாறியது. பழையவர்கள் எங்களுக்காக எழுதிக்கொடுத்த தனி நிரல்கள் எழுபதுக்கு மேல் இருந்தன. எது எதற்கு என்று எழுதி வைத்தது பத்துப் பதினைந்துக்குத்தான். புதியவர்கள் எதைத் தொட்டாலும் வேறு எங்கோ ஒன்று உடைந்தது. இதில் பாதிக் குற்றம் எங்களுடையது. "எங்க ஃபார்மட் இப்படித்தான்" என்று ஒவ்வொரு பிரிவும் அடம்பிடித்துக் கேட்டு வாங்கிய நிரல்கள் அவை. இந்தப் பிடிவாதத்துக்கு உலகறிந்த உதாரணம் லிடில். ஜெர்மனியின் அந்தச் சங்கிலி அங்காடி, ஏழு வருடம் செய்த எஸ்ஏபி (ஜெர்மன் ஈஆர்பி மென்பொருள்) திட்டத்தை 2018-ல் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. இருப்பை அவர்கள் கொள்முதல் விலையில் கணக்கிட்டு வந்தார்கள், மென்பொருளின் வழக்கமோ விற்பனை விலை. பழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைக்கப் போனது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் எழுபது நிரல்கள்தான் ஞாபகம் வந்தன. இப்போது அதில் இருபத்தெட்டுதான் உயிரோடு இருக்கின்றன. மற்றதை நிறுத்தியபோது யாரும் தேடி வரவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். முன்பு மாதக் கணக்கு முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆகும், இப்போது நாலாம் நாள் முடிகிறது. பிஓ (கொள்முதல் ஆர்டர்), ஜிஆர்என், பில் மூன்றும் பொருந்தினால்தான் பணம் போகும் என்பதால், ஒரே சரக்குக்கு இரண்டு பில் வந்தால் அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. முதல் வருடத்திலேயே இப்படி நாலைந்து சிக்கின. வாடிக்கையாளர் ஒரு பாகத்தைத் திருப்பி அனுப்பினால், அது எந்த ஹீட் எண் (இரும்பை உருக்கிய தொகுதியின் எண்) தகட்டிலிருந்து வந்தது என்பதைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன். முன்பெல்லாம் பழைய ரெஜிஸ்டர்களைப் புரட்ட ஒரு நாள் போய்விடும்.

எக்செல் மட்டும் சாகவே இல்லை. எல்லோரும் அறிக்கையை இறக்கி, அதில் இரண்டு பத்தி சேர்த்து, அதையே "ஒரிஜினல்" என்கிறார்கள். அதை எதிர்த்துப் போராடுவதை நான் விட்டுவிட்டேன்.

இதே மென்பொருளை மறுபடி எடுப்பாயா என்று கேட்கிறார்கள். எடுப்பேன். ஒப்பந்தத்தை மட்டும் வேறு மாதிரி எழுதச் சொல்வேன். முன்னுரிமையை முடிவு செய்வது எங்கள் ஆளாக இருக்க வேண்டும். கடிகாரத்தை நிறுத்தினால் காரணத்தை எழுத வேண்டும், அதை நாங்கள் மறுக்க வழி வேண்டும். தனி நிரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு வராமல் பில் பாஸ் ஆகக் கூடாது.

அடுத்த வருடம் புதிய பதிப்புக்கு மாறுகிறோம். சுத்தம் செய்யச் சொல்லி மெட்டீரியல் மாஸ்டரை மொத்தமாக அனுப்பியிருக்கிறார்கள், 41,000 வரி. அந்த ஸ்டோர்கீப்பரை இந்த முறை யூஏடி குழுவில் முதல் ஆளாகச் சேர்த்திருக்கிறேன். கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் கொடுக்கும் பொருட்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார், 312 இருக்கிறது. நேற்று வரை நூற்றுநாற்பதை எடை போட்டுப் பார்த்தாயிற்று. ஆறில் விகிதம் தப்பு.